காந்தத் துரையின் கையும் என் கையும்

1911 ஜூன் 5, திங்கள்

கடற்கரை பங்களாவுக்கு ஒரு ஜெர்மானியத் துரை குடிவந்திருக்கிறாராம். பெயர் க்ரோனர். மிஷனைச் சேர்ந்தவர் இல்லை. பிரசங்கமும் கிடையாது, மருந்துப் பெட்டியும் கிடையாது. உடம்பைத் தொடாமலே கையை வீசி வீசிக் காந்தத்தை இறக்கி நோயைத் தீர்ப்பாராம். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா கிணற்றடியில் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாள்.

"வெறுங்கையால முழம் போடுறவங்க நம்ம தரங்கம்பாடியிலேயே நிறைய இருக்காங்க. அதுக்குக் கப்பலேறி வேற வரணுமாக்கும்?" என்றேன்.

"நீ பேசுவ. உன் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை காட்டித்தான் பாரேன், சற்குணம். ரெண்டரை வருஷமாச்சு."

ரெண்டரை வருஷமாச்சு என்று எனக்கு இவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? என் வீட்டுக்காரர் வேதமுத்து சர்வே இலாகாவில் இருந்தவர். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இந்தத் தாலுகாவின் வரப்பெல்லாம் நடந்த கால் அவருடையது. இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாகப்பட்டணத்து டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, எலும்பிலும் குறையில்லை நரம்பிலும் குறையில்லை என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போனார். குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, சாயங்காலம் எண்ணெய் காய்ச்சிக் காலை உருவி விடுவது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து துரையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வரச் சொல்லு" என்றார்.

ஜூன் 8, வியாழன்

துரை வந்தார். நல்ல உயரம். சிவந்த பெரிய கைகள், பிசைந்து வைத்த மாவு மாதிரி. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்ணோடு கண் பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்க்க விட்டால்தானே.

அப்புறம் எழுந்து, தலையிலிருந்து பாதம் வரைக்கும், உடம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, காற்றைத் தடவினார். ஒவ்வொரு தடவையும் பாதத்துக்கு வந்ததும் விரல்களை உதறினார். நோயை உதறுகிறாராம். நான் பக்கத்தில் முறத்தில் அரிசி புடைத்து வைத்திருக்கிறேன்!

"ஏங்க, அந்தச் சனியனை என் அரிசியில உதற வேண்டாம்னு சொல்லுங்க. ஜன்னல் பக்கமா உதறட்டும்."

துரைக்குத் தமிழ் நாலு வார்த்தைதான். அவருக்கும் துரைக்கும் இங்கிலீஷில்தான் பேச்சு. மிஷன் போர்டிங்கில் நாலு வருஷம் படித்ததால் எனக்குப் புரியும், பேச வராது. அவர் என்ன சொன்னாரோ, துரை எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உதறினார்.

கால் விழுந்த அன்று என்ன நடந்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒன்னும் நடக்கல. சனிக்கிழமை. பிடிலை எடுத்துக்கிட்டுப் பொறையாறு கோவிலுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டாரு. வாசப்படியில விழுந்தாரு" என்றேன்.

என் வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையே இங்கிலீஷில் சொன்னார். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

ஜூன் 9, வெள்ளி

இன்று காலை அவராகவே கேட்டுச் சவரம் செய்துகொண்டார்.

ஜூன் 14, புதன்

தினமும் பத்து மணிக்குத் துரை வருகிறார். ஒன்பதரைக்கே இங்கே வெள்ளைச் சட்டை வேண்டும், தலைக்குச் சீப்பு வேண்டும். "துரை வர்ற நேரம், அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை எடு" என்று எனக்கு அதிகாரம் வேறு. அந்தக் கிண்ணத்தை இரண்டரை வருஷமாக எடுக்கிறேன், என்றைக்காவது எனக்காகத் தலை சீவிக்கொண்டதுண்டா?

துரையின் கை மேலே ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பால் குடித்த பிள்ளை மாதிரி கண் சொருகி, ஒரு பெருமூச்சு. நான் எண்ணெய் தேய்க்கும்போது வருகிற வார்த்தை "மெல்ல, மெல்ல" என்பது ஒன்றுதான். எரிகிறது எனக்கு. எதற்காக மறைக்க வேண்டும், என் புத்தகம்தானே இது.

நான் காலை உருவி விடுவதைத் துரை இன்று பார்க்கவேண்டும் என்றார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நம் வழக்கப்படி தொடையிலிருந்து பாதத்துக்கு இழுத்து விடுகிறேன், வாய்வு கீழே இறங்க வேண்டுமென்று. அது சரியாம். அவர் சொன்னதை இவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "எப்பவும் கீழ்நோக்கித்தான் தடவணுமாம். மேல்நோக்கித் தடவினா, அவர் காலையில ஏத்தின காந்தம் எல்லாம் கலைஞ்சு போயிடுமாம். காந்தத்துல தூங்கிப்போனவங்களை எழுப்பத்தான் அவரே கையை மேல்நோக்கி வீசுவாராம். ஞாபகம் வெச்சுக்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, சனி

இன்று மேல்நோக்கித் தடவினேன்.

எழுதின பிறகு பார்த்தால் பயமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது நடந்தது. காலையில் துரை போன பிறகு இவர் சொன்னார், "அந்த மனுஷன் கையில என்னமோ இருக்கு, சற்குணம். நீயும் ரெண்டரை வருஷமாத் தேய்க்கிற, இந்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்ல." நான் பருப்பைக் கருக விட்டேன்.

சாயங்காலம் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பாதத்தில் கையை வைத்தேன். அங்கிருந்து கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று மேலே தள்ளினேன், நன்றாக அழுத்தி, பாத்திரம் தேய்க்கிற மாதிரி. ஓடட்டும் துரையின் காந்தம் எல்லாம், வந்த கப்பலுக்கே ஓடட்டும்.

"இன்னைக்கு என்ன மாத்தித் தேய்க்கிற?"

"இழுத்து இழுத்து மணிக்கட்டு விட்டுப்போச்சு. தள்ளிப் பார்க்கிறேன்."

"மெல்ல, மெல்ல" என்றார்.

ஜூன் 18, ஞாயிறு

மேல்நோக்கி.

ஜூன் 25, ஞாயிறு

மிஷன் கோவிலில் பாதிரி ஐயர் பிரசங்கத்துக்கு நடுவே, காந்தமென்றும் மயக்கமென்றும் சொல்லிக்கொண்டு வருகிற வைத்தியங்களைப் பற்றிச் சபையார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். இவர், "ஐயர் வந்து என் காலைத் தூக்கி விடட்டும், அப்புறம் பேசட்டும்" என்று முடித்துவிட்டார்.

கோவில் வாசலில் ராகேல் நின்றிருந்தாள். பொறையாறு பெண்பாடசாலையில் டீச்சர். அந்த ஊர்க் கோவில் பாட்டுக்கூட்டத்தில் முதல் குரல் அவளுடையது. சனிக்கிழமை தோறும் இவர் பிடிலை எடுத்துக்கொண்டு இரண்டரை மைல் நடந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான். புருஷன் ரங்கூனுக்குப் போய் ஆறு வருஷம், கடிதாசி இல்லை. கரை போட்ட வெள்ளைப் புடவை, இலேசான மல்லிகை வாசனை.

"அண்ணனுக்கு இப்போ தேவலைங்களா அக்கா? துரை வந்து பார்க்கிறாருன்னு கேள்விப்பட்டேன்."

அண்ணனாம்! எனக்குத் தெரிந்து அவளுக்குக் கூடப்பிறந்தது இரண்டும் தங்கைகள்.

"அப்படியேதான் இருக்காரு" என்றேன். அவள் கண் கலங்கியது. ஒரு முழு வாரம் என் கையால் மேல்நோக்கித் தடவியிருக்கிறேன், அப்படியேதான் இருப்பார்.

ஜூலை 1, சனி

வலது காலின் பெருவிரல் அசைந்தது.

சாயங்காலம் ஐந்து மணி. என் இரண்டு கையும் அவர் முழங்காலுக்கு மேலே. நான் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்தார். "சற்குணம்! சற்குணம்! அசையுது பாரு!" என்று கத்தினார். பாக்கியத்தக்கா வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். மறுபடியும் அசைத்துக் காட்டினார். நத்தை தலையை நீட்டுகிற மாதிரி, கொஞ்சம்தான்.

"துரை கை வெச்சதுக்குப் பலன் இப்பத்தான் தெரியுது" என்று சொல்லி அழுதார்.

என் கை எண்ணெயோடு அப்படியே இருந்தது. கழுவிக்கொண்டு வந்து ஜெபம் பண்ணினேன். என்னவென்று ஜெபம் பண்ணினேன் என்பதை எழுதப் போவதில்லை.

ஜூலை 3, திங்கள்

துரையின் காந்தம் பலமானது போலிருக்கிறது, நான் கலைக்கிற வேகம் போதவில்லை. இன்று ஒரு மணி நேரம் தள்ளினேன். வியர்த்துக் கொட்டிவிட்டது. அவர், "உனக்குத்தான் எவ்வளவு ஆசை பாரு, நான் எழுந்திரிக்கணும்னு" என்றார். சாதம் இறங்கவில்லை எனக்கு.

ஜூலை 5, புதன்

இடது கால் விரல்களும்.

ஜூலை 12, புதன்

ஒன்று கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லக்கூடியது அல்ல.

போன சனிக்கிழமை அவர் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தபோது சதை இறுகியிருந்தது. வெறும் தோலாகத் தொங்கிக்கொண்டிருந்த கால். காற்றைத் தடவினால் சதை வைக்குமா என்று அப்போதே ஒரு சந்தேகம். கை வீங்கிவிட்டது என்று பொய் சொல்லி நாலு நாள் எண்ணெய் தேய்க்கவில்லை. துரை மட்டும் தவறாமல் வந்தார், வீசினார், உதறினார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் விரல்கள் மந்தமாகிவிட்டன. நேற்று இடது கால் அசையவேயில்லை. துரை, இப்படி ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னார்.

ஆக, அந்தப் பெரிய சிவந்த கை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் இந்தக் காய்ப்பேறிய கை. அதுவும் கெடுக்கப் போன இடத்தில் செய்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்குத் தலைகீழாக நடந்திருக்கிறது.

இதோடு விட்டுவிடலாம். கை வீக்கம் இன்னும் ஒரு மாதம் இருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? கால் பழையபடி ஆகிவிடும், துரை மூட்டை கட்டிவிடுவார், நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுப்பேன்.

இன்று மத்தியானம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "வீக்கம் வடிஞ்சிடுச்சா?" என்றார். "வடியாட்டி என்ன, காலை நீட்டுங்க" என்றேன். துரை கையில் இல்லாதது என் கையில் இருக்கிறதென்றால் அதையும் பார்த்துவிடுகிறேன். அதற்காகத்தான் தேய்த்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 20, வியாழன்

ஆறு அடி நடந்தார். ஏழாவது அடியில் சுவரில் மாட்டியிருந்த பிடிலைக் கையில் எடுத்தார். மேல் துண்டால் தூசி தட்டினார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பவும் மாட்டிவிட்டார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று துரையிடம் சொன்னேன் அல்லவா? நடந்தது. இரண்டரை வருஷமாக இதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டு, பிடிலோடு புறப்பட்டார். முதல் நாள் பாக்கியத்தக்கா வந்து, பாட்டுப் பழகி முடிந்து எல்லோரும் போன பிறகும் ராகேல் வீட்டு முற்றத்தில் பிடில் சத்தம் கேட்கிறதாம் என்று சொல்லியிருந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கத்தினேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டுப் படியில் காலை வைத்தார். "அவகிட்டப் போற அந்தக் கால் ரெண்டும் விளங்காமப் போக!" என்றேன்.

விழுந்தார்.

நான் சொன்னேன், அவர் விழுந்தார். ஊரில் தெருவுக்கு நாலு பெண்கள் தினம் இப்படிச் சொல்கிறார்கள், யார் கால் விழுந்தது? அவர் அன்றிலிருந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் பேசவில்லை. தூக்கிக் கட்டிலில் போட்டேன். அன்றைக்கு இரவு அவர் என் வீட்டில்தான் இருந்தார், அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் என் வீட்டில்தான் இருந்தார்.

ஜூலை 29, சனி

துரை பங்களாவில் இன்று பெரிய கூட்டம். காந்த வைத்தியத்தின் மகிமையை எல்லோருக்கும் காட்டுகிறாராம். தாசில்தார், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், மாயவரத்திலிருந்து இரண்டு வக்கீல்கள். பெண்களுக்குத் தனியாகப் பாய் விரித்திருந்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதல் வரிசையில் ராகேல், பொறையாற்றிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

துரை இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். பிறகு இவர் பெயரைச் சொன்னார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் சால்வை, அதையும் நான்தான் மடித்துப் போட்டு அனுப்பினேன். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கைத்தடி இல்லாமல் நடந்தார். ஒரே கைதட்டல். நேராகத் துரையிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னைத் தூக்கி நிறுத்தின கை இது. இந்தக் கையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

ராகேல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். நான் அவர் பார்த்ததைப் பார்த்தேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தாசில்தார் சம்சாரம் என்னிடம், "நீங்க யாரு, நோயாளி வீட்டு ஆளா?" என்றாள்.

ஜூலை 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். கோவிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, துரைக்கு ஒரு மோதிரம் செய்து போட வேண்டும், அந்தக் கைக்கு என்ன செய்தாலும் தகும் என்றார். கரண்டியைத் தரையில் போட்டேன்.

"எந்தக் கைக்கு?"

"என்னது?"

"எந்தக் கைக்குன்னு கேட்டேன். அந்த ஆளு காத்தைத் தடவுனாரு. காத்தைத் தடவினா காலு வருமா? சதை வெச்சது யாரால? தினம் சாயங்காலம் பாதத்துலேருந்து மேல்நோக்கித் தள்ளினது யாரு? நான். என் கை. அந்த ஆளு ஏத்தினதைக் கலைக்கணும்னுதான் தள்ளினேன், கலைஞ்சு போறதுக்குப் பதிலா நீங்க எழுந்துட்டீங்க. நாலு நாள் நான் விட்டப்ப என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா? மோதிரமாம் மோதிரம்!"

அவர் பிசைந்த சோற்றை இலையில் வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"கலைக்கணும்னு ஏன் நினைச்ச?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பேரெடுக்கிற அவசரத்தில் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன்!

"மிளகாய் காய வெச்சிருக்கேன், காக்கா வரும்" என்று சொல்லிக் கொல்லைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாராவது மிளகாய் காய வைப்பார்களா?

ஜூலை 31, திங்கள்

துரை பத்து மணிக்கு வந்தார். இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எதற்காகத் தடவினேன் என்பதைத் தவிர. துரைக்குக் கோபம் வரும், கத்துவார், அதையாவது பார்க்கலாம் என்று நின்றேன். அந்த மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி குதூகலப்பட்டார். நோட்டுப் புத்தகம், பென்சில், அளவு நாடா எல்லாம் எடுத்தார். கெண்டைக்காலை அளந்தார். என்னைத் தேய்த்துக் காட்டச் சொன்னார். பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து என் விரல்களைப் படம் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு கபடு இல்லை. இத்தனை நாள் இவரைத் திட்டினதற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு பென்சிலை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய வித்தையில் கை பெரிதில்லையாம், தடவுகிறவருடைய மனசுதான் பெரிதாம். மனசு எதை விரும்புகிறதோ அதுதான் கை வழியாக இறங்குமாம். அப்படியானால் மேல்நோக்கித் தடவியும் எப்படிப் பலித்தது? அதனால் இந்த அம்மாள் தடவும்போது மனசில் என்ன நினைத்தாள் என்று தெரிய வேண்டும். அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி என்றார்.

எனக்கு முழுவதும் புரிந்தது. இருந்தாலும் இவர் தமிழில் ஒரு முறை சொன்னார். "நேத்து நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. இப்ப துரையும் அதையேதான் கேட்கிறார். தேய்க்கும்போது என்ன நினைச்ச?"

அவர் கால் என் மடியில் இருந்தது. இளஞ்சூடாக, கனமாக. பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

"இந்தக் கால் நடக்கக்கூடாதுன்னு நினைச்சேன்" என்றேன். "நடந்தா நேரே பொறையாறு போகும்னு நினைச்சேன். இப்படியே என் வீட்டுக் கட்டில்லயே கிடக்கட்டும், நான் குளிப்பாட்டிக்கிறேன்னு நினைச்சேன். அன்னைக்குச் சாபம் விட்டதும் நான்தான். ரெண்டரை வருஷத்துல ஒரு நாள்கூட அதுக்காக மனசாரப் பச்சாதாபப்படல. போதுமா? சொல்லுங்க துரைகிட்ட."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துரை பென்சிலோடு காத்திருந்தார். இவர் துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்:

"நான் எழுந்து நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபித்துக்கொண்டே தடவினாளாம்."

எனக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அவருக்குத் தெரியும்.

துரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று, குதிகாலைச் சேர்த்து, எனக்கு முன்னால் குனிந்து வணங்கினார். என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு மனைவியின் மனசு தன் காந்தத்தைவிடப் பலமானது என்று ஊருக்கெல்லாம் சொல்வாராம். நான் கேட்ட பேர் கிடைத்துவிட்டது. துரை எழுத எழுத எனக்கு உடம்பு கூசியது.

அவர் போன பிறகு, "ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"நான் எழுந்திரிக்கக் கூடாதுன்னு நீ மட்டுமா நினைச்ச?" என்றார். "படுத்துக் கிடந்தப்போ யாரும் என்னை ஒன்னும் கேட்கல, சற்குணம். நீயும் கேட்கல, அவளும் கேட்கல. எழுந்துட்டா ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும்."

அவள் என்று அவர் வாயால் சொல்லி இன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். அப்படியானால் இருந்தது. பாக்கியத்தக்கா இட்டுக்கட்டவில்லை, என் சந்தேகமும் பொய்யில்லை. இத்தனை நாள் நிச்சயமாகத் தெரியும் என்றுதான் இருந்தேன். நிச்சயமான பிறகு, கழுவின எண்ணெய்க் கிண்ணத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

பேச்சு இல்லை. சோறு உண்டு, எண்ணெய் உண்டு.

ஆகஸ்ட் 5, சனி

மத்தியானம் மூன்று மணிக்குச் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். பிடிலை எடுக்கவில்லை.

"பொறையாறு வரைக்கும் போயிட்டு வர்றேன். ஒரு தடவை நேர்ல போய்ச் சொல்லணும். கடிதாசியில எழுதுற விஷயம் இல்ல."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"இனிமே வரலைன்னு."

அதைச் சொல்ல இரண்டரை மைல் நடக்க வேண்டுமா, பாக்கியத்தக்காவிடம் சொன்னால் காற்று வேகத்தில் போய்ச் சேருமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசலுக்குப் போனார். படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். அவர் எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். துரைக்குத்தான் தெரியாது.

போகட்டும் என்று எனக்கு மனசு வரவில்லை. இனிமேல் வரவில்லை என்று சொல்லப் போகிறவனுக்குச் சலவைச் சட்டை எதற்கு? வழியில் மனசு மாறினால்? அவள் அழுதால்? இவ்வளவும் தோன்றியது.

"வெயிலா இருக்கு. குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

குடையைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்கினார். தெருமுனை வரைக்கும் பார்த்தேன். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறார். விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்றும் நினைக்கவில்லை, அவ்வளவு நல்லவள் நான் இல்லை. சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். இரண்டு முறை அரிசி களைந்தேன். பாக்கியத்தக்கா வேலிப் பக்கம் வந்து, "எங்கே போறாரு?" என்றாள். "காத்தாட" என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். முகம் வீங்கியிருந்தது. குடையை மூலையில் வைத்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒன்னும் சொல்லல. அழுதா."

"நீங்க?"

துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும்தான்" என்றார்.

இலையைப் போட்டுச் சோறு வைத்தேன். கத்திரிக்காய்க் குழம்பு, அவருக்குப் பிடித்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனிமேல் போக மாட்டார், அது எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பதினோரு வருஷத்தில் என் எதிரே உட்கார்ந்து, எனக்காக, அவர் ஒரு நாளும் அழுததில்லை. அந்த அழுகையும் எனக்குச் சேர வேண்டியது.